காலதரும் நடு அறையும்: வடகரைப் பகுதித் தெருவீடுகளில் உட்சாளரத்தின் தேவை

திறவுச்சொற்கள்: காலதர், உட்சாளரம், முற்றம், தெருவீடு, வடகரை

முன்னுரை

வீட்டின் உள்ளேயே ஓர் அறையை மற்றோர் அறையோடு இணைக்கும் சாளரம் இக்கட்டுரையில் உட்சாளரம் எனப்படுகிறது. தென்காசி மாவட்டத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த வடகரை போன்ற ஊர்களின் தெருவீடுகளுக்கு அது ஏன் தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

இன்று வழங்கும் சன்னல் என்பது போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல். பலகணி என்பது பல கண்களை உடையது என அமைப்பைச் சுட்டும். சிலப்பதிகாரத்தில் பயிலும் காலதர் என்பதோ கால், அதர் என்னும் இரு சொற்களால் ஆகிக் காற்றின் வழி எனப் பொருள்படும். இப்பெயர் வெளியைக் காண்பதை அன்றிக் காற்றுச் செல்வதையே குறிக்கிறது. ஆகவே இரு அறைகளுக்கு இடைப்பட்ட திறப்பும் காலதர் எனப்படத் தகும்.

நடு அறையின் இடர்

அண்டை வீடுகளோடு பக்கச்சுவர் ஒட்டிய தெருவீட்டில் முன்னும் பின்னும் மட்டுமே புறச்சாளரம் வைக்க இயலும். இடையிலுள்ள அறைக்கு முற்றமே ஒளியும் காற்றும் தந்தது. முற்றத்தை மூடிக் கான்கிரீட் கூரை இடும்போது நடு அறை பகலிலும் மின்விளக்கை நாடுகிறது. முதியோரோ மகப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்த பெண்ணோ அவ்வறையில் தங்கும்போது இது உடல்நலம் சார்ந்த சிக்கலாகிறது.

காற்றின் இயக்கம்

சூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இவ்வட்டாரத்தில் வலுவாக வீசுகிறது. எனினும் காற்று நுழைய வழி இருந்தால் மட்டும் போதாது. வெளியேறவும் வழி வேண்டும். இடைச்சுவரில் திறப்பு இல்லையெனில் முன்னறைக்கு வந்த காற்று அங்கேயே தடைப்படும். வெப்பக்காற்று மேலெழும் இயல்பினது. எனவே கூரையை ஒட்டி அமையும் உட்சாளரம் அதனை எளிதில் வெளியேற்றும். கண்மட்டத்திற்கு மேல் இருப்பதால் அறையின் மறைவும் காக்கப்படும். பேச்சொலி கடப்பதைக் கதவிட்டுக் குறைக்கலாம். அடுப்புப்புகை பரவும் ஆதலின் அடுக்களைச் சுவரில் அதனைத் தவிர்த்தல் நன்று.

கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய துளைச்சுவர்களை எழுப்பினார். மரச்சட்டமும் கண்ணாடியும் இன்றியே அவை ஒளியையும் காற்றையும் தந்தன. உட்சுவருக்கும் இம்முறை சிக்கனமானது.

முடிவுரை

உட்சாளரம் புறச்சாளரத்திற்கு மாற்று அன்று. அடுத்த அறைக்கு வெளிக்காற்று வந்தால்தான் அதற்குப் பயன் உண்டு. எனவே முற்றத்தை மூட நேரின், கூரையைச் சற்று உயர்த்திப் பக்கத்திறப்பு விடுதலும், அதனை நோக்கி நடு அறைச் சுவரில் காலதர் அமைத்தலும் ஒருங்கே செய்யத்தக்கன.