உங்களுக்குத் தெரியுமா? கையில் நுழைந்து இதயவாசல் வரை

1929, ஜெர்மனி. இளம் டாக்டர் வெர்னர் ஃபோர்ஸ்மன் கை வழியாக இதயத்துக்குக் குழாய் செலுத்த ஆசைப்பட்டார்; மேலதிகாரிக்குச் சம்மதமில்லை. கருவிகளின் சாவி இருந்ததோ நர்ஸ் கெர்டா டிட்சனிடம். "என் மேலேயே செய்யுங்கள்" என்றார் அவர். அவரை மேஜையில் கட்டிப்போட்டுவிட்டு, குழாயைத் தன் கையிலேயே ஏற்றிக்கொண்டார் ஃபோர்ஸ்மன்! 1956இல் நோபல் பரிசு டாக்டருக்கு வந்தது. நர்ஸை யார் நினைத்தார்கள்?

இன்று அமெரிக்கா, பிரிட்டனில் பல மருத்துவமனைகளில், கீமோதெரபிக்கும் வாரக்கணக்கான ஆன்டிபயாடிக்குக்கும் உதவும் 'பிக் லைன்' குழாயைப் பொருத்துவதே தனிப்பயிற்சி பெற்ற நர்ஸ்கள்தான். நோயாளியின் கட்டிலருகே அல்ட்ராசவுண்டில் சிரையைப் பார்த்து மேற்கையில் நுழைக்கிறார்கள். முனை இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையில் நிற்கும்.

பொருத்துவதைவிடப் பராமரிப்புதான் பெரிய வேலை. ஒவ்வொரு முறை பயன்படுத்தும் முன்பும் குழாயின் வாயை ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் தேய்த்துக் காயவிட வேண்டும். சலைனை ஒரேயடியாகச் செலுத்தாமல், தள்ளி நிறுத்தித் தள்ள வேண்டும். அதற்கு 10 மி.லி. சிரிஞ்ச்தான், சின்னதில் அழுத்தம் கூடி, அடைத்த குழாய் கிழியலாம். அந்தக் கையில் பி.பி. பார்க்கவும் கூடாது.

பிக் லைன் போலவே இதயத்தருகே போய் நிற்கும் மைய சிரைக் குழாய்களைப் போடும்போது டாக்டர் கைகழுவத் தவறினால்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐ.சி.யூ.க்களில், தொற்றைத் தடுக்கும் ஒரு திட்டத்தில், "நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரம் நர்ஸுக்குத் தரப்பட்டது. அந்தத் திட்டத்தின் முடிவு 2006இல் வெளியானது: குழாய் வழி ரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்திருந்தது.