தாம்பரத்து மணியும் ஹைட்ரஜன் அணுவும்

தாம்பரம் நிலையத்தில் நின்றுகொண்டு, 1931 முதல் கடற்கரைக்கு ஓடிவரும் மின்சார ரயிலை எதிர்பார்த்து, நடைமேடைக் கடிகாரத்தையும் கைக் கடிகாரத்தையும் மாறி மாறி நோக்கும் பிரயாணிக்கு, 'மணி இவ்வளவு' என்று தீர்மானிக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்ற யோசனை எழுவது அபூர்வம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தில் இருந்தது. நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் கொண்டு குறித்த மெட்ராஸ் நேரத்தையே அன்றைய ரயில்கள் பெரிதும் அனுசரித்தன. 1906-இல் வந்த இந்தியப் பொது நேரம் அதற்கு ஏறத்தாழ 9 நிமிஷம் முந்தியது. இன்று அப்பொது நேரத்தைக் காக்கும் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில், சீசிய அணுக் கடிகாரங்களோடு ஹைட்ரஜன் மேசர் என்னும் அற்புத யந்திரமும் பணி செய்கிறது.

ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானும் எலக்ட்ரானும் ஒரே திசையில் தற்சுழற்சி கொண்டால் அதன் சக்தி சற்றே மிகுதி. எதிர்த்திசையில் கொண்டால் சற்றே குறைவு. உயர்நிலையிலிருந்து அணு இறங்கும்போது, 21 சென்டிமீட்டர் நீளமும், விநாடிக்கு 142 கோடியே 4 லட்சத்து 5 ஆயிரத்து 751 துடிப்பும் உடைய நுண்ணலை பிறக்கிறது. ஆனால் தன்னிச்சையாக இறங்க அணு சராசரியாக ஒரு கோடி ஆண்டு காத்திருக்கும்! அதே துடிப்புள்ள அலை ஒன்று அருகே சென்றால், அணு உடனே தன் சக்தியை அந்த அலையோடு தாளம் பிசகாமல் சேர்த்துவிடும் என்பதை 1917-இல் ஐன்ஸ்டைன் கணித்துக் காட்டினார். இதுவே தூண்டிய உமிழ்வு; மேசருக்கு அடிப்படையும் இதுவே.

ஒரு சங்கடம் உண்டு: தாழ்நிலை அணுக்கள் அதே அலையை விழுங்கிவிடும். ஆகையால், அம்மோனியாவைக் கொண்டு 1954-இல் டவுன்ஸ் முதல் மேசரை அமைத்தபோதும், 1960-இல் ராம்சே, கோல்டன்பர்க், கிளெப்னர் ஆகியோர் ஹைட்ரஜன் மேசரை இயக்கியபோதும், உயர்நிலையில் உள்ளவற்றைப் பிரித்தெடுப்பதே முதல் காரியமாயிற்று. ஹைட்ரஜனில் இதை ஆறு முனைக் காந்தம் செய்கிறது. தேர்ந்த அணுக்கள், தோசைக்கல்லில் மாவு ஒட்டாதிருக்கப் பூசுகிறோமே, அதே டெஃப்லான் உட்பூச்சுள்ள குவார்ட்ஸ் குமிழுக்குள் புகுந்து, சுவரில் ஆயிரக்கணக்கான முறை மோதியும் நிலை குலையாமல், ஏறக்குறைய ஒரு விநாடி தங்குகின்றன. குமிழைச் சூழ்ந்த உலோக அறை அலையைத் திரும்பத் திரும்ப அவற்றின்மீதே செலுத்த, அலை வளர்கிறது. வெளிவரும் சக்தி ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுதான்; அதன் துடிப்போ சில மணி நேரத்துக்குள் சீசியத்தையும் விஞ்சும் நிதானமுடையது. சுவரில் மோதுவதால் துடிப்பு இம்மியளவு விலகும் ஆதலால், நாட்கணக்கில் அதைத் திருத்திக்கொள்ளச் சீசியத்தின் துணை வேண்டியிருக்கிறது.