மெட்ரோ ஜன்னலில் தெரிந்த மொட்டைமாடி

பெங்களூர் இந்திராநகரில் கிளம்பும் மெட்ரோ, அல்சூர் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்னால் சில நொடிகள் இருக்கின்றன. மாசி மாதத்தில் அந்த நேரம் பார்த்து யாராவது செல்போனில் மூழ்கியிருந்தால், தோளைத் தட்டி ஜன்னல் பக்கம் திருப்பிவிடலாமா என்று எனக்குக் கை பரபரக்கும். கீழே மொட்டைமாடிகள்! கருப்புச் சின்டெக்ஸ் தொட்டிகளுக்கும் கொடியில் ஆடும் போர்வைகளுக்கும் நடுவே ஒரு பழைய வேட்டி விரித்திருக்கும். அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அடுத்த மாடியில் ரத்தச் சிவப்பாக ஒரு சதுரம். அதற்கடுத்ததில் கோலிக்குண்டுபோலக் கருப்பு உருண்டைகள், வரிசை வரிசையாக. என்ன அது என்று கண் ஊன்றுவதற்குள் ரயில் ஸ்டேஷனுக்குள் போய்விடும்.

இந்த வழித்தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 2011 அக்டோபர் 20-ஆம் தேதி. தென்னிந்தியாவின் முதல் மெட்ரோ. அதற்கு முன்பு இந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்துவைத்தவை காக்கைகளும் பருந்துகளும்தான்.

நான்கு வருடமாக ஜன்னலோடு முடிந்துபோன என் ஆசை இந்த மாசியில் நிறைவேறியது. சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் பெரியம்மா இருக்கிறார். “ஞாயித்துக்கிழம வடகம் உருட்றோம். வர்றதுன்னா தண்ணி வர்ற நேரத்துக்கே வந்துரு கண்ணு” என்று போனில் சொன்னார். தண்ணீர் வருவது விடியற்காலை ஐந்துக்கு. நான் நாலே முக்காலுக்கே வாசலில் நின்றேன்.

சந்து முழுக்க இருட்டு. ஆனால் ஒருவரும் தூங்கவில்லை! ஒவ்வொரு வாசலிலும் சம்ப் மூடி திறந்து கிடக்கிறது. எதிர்வீட்டுக் கன்னடக்கார அக்கா குரல் கொடுக்கிறார்: “நீரு பந்தா?” பெரியம்மா குழாயில் காதை வைத்துக் கேட்கிறார். முதலில் காற்று சீறும், பிறகு ஒரு இருமல், அதன் பிறகுதான் தண்ணீர். “பந்து பந்து!” என்று இவர் கத்தியதும் நாலு வீட்டில் ஒரே சமயத்தில் குடம் உருளும் சத்தம். காவிரி வந்துவிட்டாள். சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, அங்கும் ஹாரோஹள்ளியிலும் தாதகுணியிலுமாக மூன்று இடங்களில் பம்ப் அடித்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் மேலேற்றிக் கொண்டுவந்த தண்ணீர் இது. 1974-இலிருந்து இந்த ஊர் இப்படி மலையேறி வரும் ஆற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அதை நினைத்தபடி அந்தக் குழாயடியில் நின்றபோது எனக்குச் சிலிர்த்தது.

மாசியும் பங்குனியும் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கும் மாதங்கள். 2024 மார்ச்சில் குடிநீரால் வண்டி கழுவினாலோ தோட்டத்துக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்த வருடமும் பெரியம்மா வடகத்தை நிறுத்தவில்லை. சின்ன வெங்காயம் ஊறிய தண்ணீரை வடித்து எடுத்துத்தான் கறிவேப்பிலைச் செடியைக் காப்பாற்றினாராம். “வெங்காயத் தண்ணின்னா அது நல்லா தழைக்கும், தெரியுமா?” என்று செடியைக் காட்டினார். உண்மைதான், கூரைக்கு மேல் போய் நிற்கிறது.

இனி அடுப்படிக்கு வாருங்கள். இங்கேதான் ரகசியம்.

மூலையில் ஒரு பெரிய எவர்சில்வர் அடுக்கு, வெள்ளைத் துணியால் வேடு கட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சந்துப் பெண்கள் ஆறு பேர் திண்ணையில் உட்கார்ந்து ஐந்து கிலோ சின்ன வெங்காயம் உரித்திருக்கிறார்கள். கண்ணீரும் கதையுமாக மூன்று மணி நேரம். வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடித்து, பூண்டைத் தட்டிப் போட்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கல்லுப்பு, கிள்ளிய கறிவேப்பிலை எல்லாம் சேர்த்துப் பிசைந்து இரண்டு ராத்திரி மூடி வைத்திருந்தார்கள். பெரியம்மா முடிச்சை அவிழ்த்தார். ஐயோ, அந்த வாசனை! புளிப்பும் காரமும் இனிப்பும் கலந்து மூக்கில் ஏறி உச்சந்தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று நாள் கழித்து இதை எழுதும்போதும் அது இறங்கவில்லை.

இதுதான் தாளிப்பு வடகம். ஜன்னலில் நான் பார்த்த கருப்புக் கோலிக்குண்டு. முதல் நாள் அது கருப்பே இல்லை, வெளிர் ரோஜா நிறம். கையில் அள்ளி இறுக்கிப் பிழிந்து உருட்ட வேண்டும். பிழிந்த சாறு அடுக்கிலேயே இறங்கும், அதில் ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது. பகல் முழுக்க உருண்டைகள் வெயிலில் காயும். சாயங்காலம் அவற்றை உதிர்த்து அதே சாற்றில் திரும்பப் போட்டுவிடுவார்கள். ராத்திரி முழுக்கக் குடிக்கும். காலையில் மறுபடி பிழிந்து, உருட்டி, மாடிக்கு. சாறு முழுவதும் உருண்டைக்குள் போகும்வரை இந்த ஏற்ற இறக்கம் நடக்கும். வெங்காயத்தின் எடையில் 80 சதவீதம் போலத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் போய், சுவை மட்டும் உள்ளேயே தங்க வேண்டும் என்றால் இப்படிப் பொறுமையாகத்தான் வாங்க முடியும். நாளாக ஆக ரோஜா நிறம் பழுப்பாகும், பழுப்பு காப்பிக்கொட்டையாகும், கடைசியில் கருப்பு. பத்துப் பன்னிரண்டு நாள் முடிவில் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு ஒரு கடைசி உருட்டு. பூச்சி அண்டாது, ஒரு வருடம் கெடாது. கீரைக் குழம்பிலோ மோர்க்குழம்பிலோ ஒரு துண்டைக் கிள்ளித் தாளித்தால் போதும், தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிடும்.

இந்த வடகம் வட ஆற்காட்டுப் பக்கத்துச் சொத்து. 1809-இல் பெங்களூர் கன்டோன்மென்ட் உருவானபோது பட்டாளத்தோடும் பட்டாளத்துக்கு வேலை செய்யவும் தமிழர்கள் அந்தப் பக்கங்களிலிருந்து திரளாக வந்தார்கள். அல்சூர் ஏரிக்கரையில் இன்றைக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் முகாம் இருக்கிறது, அந்தப் படைவீரர்களுக்குப் பெயரே ‘தம்பி’. வந்தவர்கள் வடகத்தையும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள் என்று பெரியம்மா அடித்துச் சொல்கிறார். பெரியம்மாவின் மாமியாரும், அவருக்கு மாமியாரும் இதே மாடியில் உருட்டியவர்கள்.

ஏழரை மணிக்கு மாடி ஏறினோம். ஒவ்வொரு தலையிலும் ஒரு தட்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத குறுகல் படி, மேலே போனதும் திடீரென்று விரிந்த வானம். ஒரு பக்கம் சோமேஸ்வரர் ராஜகோபுரம், மறு பக்கம் தூங்குமூஞ்சி மரங்களின் உச்சி, நடுவே நம் ரயில்! எத்தனையோ தடவை அங்கிருந்து இங்கே எட்டிப் பார்த்த நான், இப்போது இங்கிருந்து அங்கே கையாட்டினேன். யாரோ ஒரு குழந்தை திருப்பிக் கையாட்டியது. சத்தியமாக!

மாடிகளுக்கு நடுவே உள்ள சுவர் இடுப்பளவுதான். எதிர்வீட்டு அக்காவின் மாமியார் அந்தப் பக்கம் சண்டிகே போட்டுக்கொண்டிருந்தார். நாம் வடாம் என்பதைக் கன்னடத்தில் சண்டிகே என்பார்கள். அந்த அஜ்ஜி போட்டது அரளு சண்டிகே: நெல்பொரியையும் சாம்பல் பூசணித் துருவலையும் பச்சைமிளகாய் விழுதோடு பிசைந்து கிள்ளி வைப்பது. இந்தப் பக்கத்து இன்னொரு வேட்டியில் பெரியம்மாவின் ஜவ்வரிசி வடாம், சேலத்து ஜவ்வரிசி. சுவர்மேல் ஒரு தட்டு நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. அரைக் காய்ச்சல் காய்ந்த வடாம் இங்கிருந்து அங்கே போகும், அரைக் காய்ச்சல் சண்டிகே அங்கிருந்து இங்கே வரும். மேலே மொறுமொறுப்பும் உள்ளே கொழகொழப்புமாக இருக்கும் அந்தப் பருவத்தில் ஒரு வடாமை வாயில் போட்டுப் பாருங்கள். பொரித்த வடாமெல்லாம் அப்புறம்தான். எனக்கு ஏழு கிடைத்தது, எண்ணி வைத்திருக்கிறேன்.

ஏன் இப்போதே இத்தனை அவசரம்? ஜனவரி, பிப்ரவரி, மார்ச் இந்த ஊரில் மழை மிகக் குறைந்த மாதங்கள். சிவராத்திரியோடு குளிர் ‘சிவ சிவா’ என்று கிளம்பிவிடும் என்பார்கள். அன்றைக்குப் பிறகு ஸ்வெட்டரும் கம்பளியும் துவைத்துக் காய்ந்து, வேப்பிலை வைத்துப் பெட்டிக்குள் போகின்றன. கொடியில் நான் பார்த்த போர்வைகள் அவைதான். ஏப்ரலில் மாங்காய் மழை இறங்கிவிடும். ஆக, சிவராத்திரிக்கும் முதல் மாங்காய் மழைக்கும் நடுவே கையில் கிடைப்பது சில வாரங்கள். ஒரு வருடத்துக்கான வெயிலை அதற்குள் டப்பாவில் அடைத்தாக வேண்டும். ஊரெல்லாம் டபேபுயா பூத்து ரோஜாவும் மஞ்சளுமாக நிற்பதைப் படம் எடுக்கப் போகிறோமே, அதே வெயிலில் அதே நாட்களில்தான் இந்த மாடிகளும் பூக்கின்றன. எனக்கு இந்தப் பூதான் பெரிது.

சிவப்புச் சதுரத்தின் கதையும் தெரிந்துகொண்டேன். அது வருட மிளகாய். ஹாவேரி மாவட்டத்து பியாடகி மிளகாய் பாதி, குண்டூர் பாதி. பியாடகி சுருங்கிய தோலும் ஆழ்ந்த சிவப்புமாக இருக்கும், உறைப்பு குறைவு. அது நிறத்துக்கு, குண்டூர் காரத்துக்கு. மூன்று நாள் காய்ந்து, எடுத்தால் சலசலவென்று சத்தம் கேட்க வேண்டும். அப்போதுதான் மாவு மில்லுக்குப் போகும். மிளகாய்க்கென்று தனி மிஷின். அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டு நான் தும்மிய தும்மலுக்கு மில்காரர் தண்ணீர் கொடுத்தார். அவர் வருடக்கணக்காக அதே புகையில் நிற்கிறார், ஒரு தும்மல் இல்லை.

காவல் வேலையை மறந்துவிட்டேனே! காக்கைக்குக் கருப்புக் குடை விரித்து வைப்பார்கள், கொஞ்சம் பயப்படும். புறா எதற்கும் பயப்படாது. அதனால் ஆள் தேவை. மேல்மாடி அறையில் குடியிருக்கும் ஒடிசா பையனைப் பெரியம்மா நியமித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தொட்டி நிழலில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை “ஹேய்” என்று கையை வீசுகிறான். போன வருடம் முதல்முதலாக வடகத்தைப் பார்த்தபோது அவன் அப்படியே நின்றுவிட்டானாம். அவர்கள் ஊரில் உளுந்தை அரைத்துக் கிள்ளி வெயிலில் காயவைக்கும் ‘படி’ என்று ஒன்று உண்டு. உடனே படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். அங்கிருந்து அந்த அம்மா ஒரு டப்பா படி அனுப்ப, இங்கிருந்து ஒரு டப்பா வடகம் போக, பார்த்தே இராத இரண்டு பெண்கள் இப்போது வீடியோ காலில் வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. நடுவில் இந்தப் பையன் மொழிபெயர்க்கிறான், புறாவையும் விரட்டுகிறான்.

மத்தியானம் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தபோது, எந்த வருடம் முதல்முதலாகத் தனியாக வடகம் போட்டீர்கள் என்று பெரியம்மாவைக் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். “வள்ளுவர் செலைய மூடி வச்சாங்க பாரு, அந்த வருஷம்.” ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 1991-இல் வைக்கப்பட்டு, திறக்கப்படாமலே 18 வருடம் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறக்கப்பட்டது. அல்சூர்த் தமிழர்களுக்கு அது ஒரு காலக்கணக்கு. அந்த 18 வருடமும் சந்தில் வடகம் நிற்கவில்லை, சுவர்மேல் தட்டும் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டு, அஜ்ஜியைப் பார்த்து ஏதோ கன்னடத்தில் கேட்டார். அஜ்ஜி பொக்கை வாயால் சிரித்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

நாலரைக்கு நிழல் வேட்டியின் ஓரத்தைத் தொட்டது. எல்லோரும் எழுந்தார்கள். வடாம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தார்கள்; சொத் சொத்தென்று கழன்று விழுந்தன. வடகத்தை உதிர்த்து அடுக்குச் சாற்றில் போடும் வேலை எனக்கு. பெரியம்மா பக்கத்திலேயே நின்றார். “கட்டி இல்லாம உதுத்துடு. இறுக்கம் இருந்தா உள்ள பூசணம் புடிச்சுக்கும்.” வெதுவெதுப்பாக இருந்தது ஒவ்வொரு உருண்டையும். ஒரு பகல் முழுவதும் வாங்கிய வெயில், என் விரலுக்குள்!

கிளம்பும்போது போன வருடத்து வடகம் நாலு உருண்டையைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார். சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன், வாசனை போகவில்லை. போகவும் வேண்டாம் என்றிருந்தது. அல்சூரில் ஏறி, கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே மாடிகளைத் தேடினேன். வேட்டிகள் மடிந்துவிட்டன, கொடிகள் மட்டும் ஆடின.

பக்கத்தில் நின்றிருந்த ஒரு பாட்டி என் கையையே பார்த்தார். மெதுவாகக் கிட்ட வந்தார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார்.

“வடகமாம்மா?”

“ஆமாம் பாட்டி.”

“எத்தன வெயிலு ஆச்சு?”

“இதுதான் முதல் வெயில்.”

முகம் அப்படி மலர்ந்தது அவருக்கு. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இந்திராநகர் வரும்வரை தன் வீட்டு அளவைச் சொன்னார்: வெங்காயத்துக்கு இத்தனை பூண்டு, வெந்தயம் குறைவாக, கடுகு கொஞ்சம் தாராளமாக. இறங்கும்போது திரும்பி, “விளக்கெண்ணெய் கடைசி நாளுதான், மறந்துடாத” என்றார். கதவு மூடியது.