பெயிண்டுக்கு முன்னால் பைப்பைப் பாருங்கள்

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனிக் கடைசியில் ஒரு குடித்தனம் காலி செய்தால், அடுத்த குடித்தனம் ஆவணி பிறந்த பிறகுதான் பால் காய்ச்ச வரும். சென்னை ஹவுஸ் ஓனர்கள் பலர் அந்த ஒரு மாத வாடகையை நஷ்டக் கணக்கில் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், வாடகை வீட்டுக்கு வருடத்தில் வாய்க்கும் அருமையான மாதம் அதுதான். வீடு காலி. வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. தரையைப் பெயர்த்தாலும், நாள் முழுக்கத் தண்ணீரை நிறுத்தினாலும் யாருக்கும் தொந்தரவில்லை.

அந்த மாதத்தை எதற்குச் செலவிடுகிறோம்? பெயிண்டரைக் கூப்பிடுகிறோம். ஹாலுக்குப் புது நிறம், மாடுலர் கிச்சனுக்குப் புதுக் கதவு, முடிந்தால் ஒரு ஃபால்ஸ் சீலிங். வாடகை இரண்டாயிரம் கூடுகிறது. ஐப்பசியில் முதல் போன் வருகிறது: "சார், பெட்ரூம் சுவர் ஊறுது." அதன்பின் வருடம் முழுக்க பிளம்பர், கொத்தனார், மறுபடி பெயிண்டர்.

வாடகை வீட்டில் அடிக்கடி கிளம்பும் ரிப்பேர்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். சொட்டும் குழாய், நிற்காமல் ஓடும் ஃபிளஷ் டேங்க், கீழ்வீட்டுக் கூரையில் ஈரத் திட்டு, உப்பிப்போன பாத்ரூம் கதவு, பொரிந்து உதிரும் பெயிண்ட். பெரும்பாலானவற்றின் வேர் தண்ணீர். எனவே பராமரிப்புச் செலவைக் குறைக்க நினைப்பவர், வீட்டுக்குள் தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் முதலில் சரிசெய்ய வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

பாத்ரூமில் தொடங்குவோம். நம் அடுக்குமாடிகள் பலவற்றில் பாத்ரூம் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்வாக வார்த்து, அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் படுக்கவைத்து, செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். போர் தண்ணீரின் உப்பு டைல்ஸில் வெள்ளைக் கறையாகப் படியும். கறை போக ஆசிட் ஊற்றுவோம். ஆசிட் கறையோடு சேர்த்து டைல்ஸ் இடுக்கில் இருக்கும் ஒயிட் சிமென்ட்டையும் தின்றுவிடும். பிறகு ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் தண்ணீர் இடுக்கு வழியே இறங்கி, ஜல்லிக்குள் தேங்கி, வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் சுவரிலும் கீழ்வீட்டுக் கூரையிலும் முகம் காட்டும். ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கேயே பூசி மெழுகுவதால் ஒரு பயனும் இல்லை.

இதற்கு அரைகுறை வைத்தியம் கிடையாது. டைல்ஸையும் ஜல்லியையும் கான்கிரீட் தெரியும்வரை அள்ளிவிட வேண்டும். துருப்பிடித்த பழைய ஜி.ஐ. குழாய் இருந்தால் எடுத்துவிட்டு, சுடுதண்ணீர் தாங்கும் சி.பி.வி.சி. குழாய் போட வேண்டும். தளத்திலும், சுவரில் ஓரடி உயரம் வரையிலும், ஷவர் இருக்கும் பக்கம் அதைவிட உயரமாகவும், பாலிமர் கலந்த வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட்டிங் அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் தண்ணீரைக் கட்டி நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரமில்லை என்று உறுதியான பிறகே மேல்வேலை. டைல்ஸ் போடும்போது வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். மூலையில் நின்றால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். இடுக்குகளுக்கு எபாக்ஸி கிரௌட். ஒயிட் சிமென்ட்டைவிடப் பல மடங்கு விலை, ஆனால் ஆசிட்டுக்கு அத்தனை சுலபத்தில் கரையாது.

அடுத்து குழாய்கள். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டு. சேர்த்தால் பல லிட்டர். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த ஊருக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. உப்புத் தண்ணீர் ஏறும் வீட்டில் அலங்காரக் குழாய்களைத் தவிர்த்துவிடுங்கள். எல்லா அறைக்கும் ஒரே வகைக் கெட்டிப் பித்தளைக் குழாய், தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும் வாஷர், சுவருக்குள் ஒளியாமல் வெளியே தெரியும் ஃபிளஷ் டேங்க், ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் ஆங்கிள் காக். இவ்வளவு இருந்தால் ஒரு குழாய் பழுதாவதற்காக மொத்த வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

மொட்டை மாடிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழைநீர் வடியும் வாயில் இலை அடைக்காமல் வலை, விரிசலுக்குப் பூச்சு, தட்டோடு பெயர்ந்த இடத்தில் மாற்றுவேலை. புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

என்னை உண்மையில் கவலைப்படவைப்பது வேறொன்று. இப்போது ‘ரெனொவேஷன்’ என்ற பெயரில் நடப்பதில் பெரும்பங்கு மூடிமறைக்கும் வேலை. ஓதம் ஏறிய சுவரின் மேல் பி.வி.சி. பேனல் அடிக்கிறார்கள். கசியும் கூரைக்குக் கீழே ஜிப்சம் சீலிங் கட்டுகிறார்கள். வீடு பார்க்க வருபவருக்கு எல்லாம் பளபளவென்று இருக்கும். பேனலுக்குப் பின்னால் ஈரம் காயாது, பூசணம் பூக்கும், அந்த அறையில் தூங்கும் குழந்தைக்கு ஏன் மூச்சு இழுக்கிறது என்று பெற்றோருக்குப் புரியாது. கூரைக் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கும். வெளியே தெரிந்திருந்தால் முதல் விரிசலிலேயே கண்டுபிடித்திருக்கலாம். சீலிங்குக்கு மேலே நடப்பதால், கட்டி பெயர்ந்து விழும்போதுதான் தெரியும். கடற்காற்று வீசும் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இது இன்னும் வேகமாக நடக்கும்.

மறைந்த குழாய்களும் அப்படித்தான். எந்தச் சுவரில் எந்தப் பைப் ஓடுகிறது என்று கட்டியவருக்குத் தெரியும், அவர் போய்விட்டார். ஓனருக்குத் தெரியாது. குடியிருப்பவர் சாமி படம் மாட்ட ஓர் ஆணி அடித்தாலும் ஆபத்து. கசிவைத் தேடி மூன்று சுவரை உடைத்து, நான்காவதில் கண்டுபிடித்ததாகச் சொல்லும் பிளம்பர்கள் ஏராளம். சுவரை மூடுவதற்கு முன் பக்கத்தில் அளவுநாடாவை வைத்து போனில் பத்து படம் எடுத்துவைக்க ஒரு காசு செலவில்லை. வால்வு இருக்கும் இடத்தில் திறந்து பார்க்க ஒரு சின்னக் கதவு வைக்கச் செலவு மிகக் குறைவு. இதைக்கூடச் செய்யாமல் மூடும் ஒவ்வொரு சுவரும், அடுத்த பத்து வருடத்துக்கு யாரோ ஒருவர் தலையில் கட்டப்படும் கடன்.

"எவ்வளவு நல்லதாகப் போட்டுக் கொடுத்தாலும் குடியிருப்பவர்கள் கெடுத்துவிடுகிறார்கள்" என்று சொல்லும் ஓனர்கள் உண்டு. அப்படிக் குடித்தனம் செய்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் தரைக்குள் கசியும் குழாயை எந்தக் குடித்தனக்காரரும் கெடுப்பதில்லை. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டமும் பொறுப்பைப் பிரித்தே வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, குழாய்க்கு வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச், தாழ்ப்பாள் பார்ப்பது போன்றவை குடியிருப்பவர் வேலை. கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் வேலை.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானதுதான். வருமான வரிக் கணக்கில், கட்டிய சொத்து வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள அனுமதி உண்டு. ரசீது கேட்பதில்லை, ரூபாய்கூடச் செலவழிக்காதவருக்கும் அதே 30 கிடைக்கிறது. அந்தச் சலுகையால் மிச்சமாகும் வரியையாவது வீட்டின் பங்காகத் தனியே எடுத்துவைத்தால், சில வருடங்களில் ஒரு பாத்ரூமைத் தளத்திலிருந்து புதுப்பிக்கும் வேலைக்குக் கணிசமான தொகை சேர்ந்துவிடும்.

குடியிருக்க வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஹாலின் நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பேனலைத் தட்டிப் பாருங்கள். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பாத்ரூமை ஒட்டிய சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பைப் போகும் படங்களையும் மெயின் வால்வு இருக்கும் இடத்தையும் ஒப்பந்தத்தோடு இணைத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல ஓனர் மகிழ்ச்சியோடு தருவார். கேட்பவர்கள் பெருகினால், தராதவரும் வரும் ஆடியில் பெயிண்டருக்கு முன்னால் பிளம்பரைக் கூப்பிடுவார்.