மறக்கத் தெரிந்த ரூட்டர்

ஒரு ரூட்டர் செயலிழந்துவிட்டால் அந்தச் செய்தியைப் பக்கத்து ரூட்டருக்கு யார் சொல்வது? மின்சாரம் நின்றுபோன கருவியால் 'நான் இனி இல்லை' என்று அறிவிக்க முடியாது. அந்தத் திசையிலிருந்து வருவது மௌனம் மட்டுமே. அதை எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்வது, எப்போது வழி போய்விட்டதென்று முடிவுகட்டுவது? இதைத் தீர்மானிப்பவை டைமர்கள். அவற்றைப் புரிந்துகொள்ள மிக நல்ல உதாரணம் ரிப் எனப்படும் ரூட்டிங் இன்ஃபர்மேஷன் புரோட்டோகால். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹெட்ரிக் 1988-இல் இதன் விதிகளை ஆர்.எஃப்.சி. 1058 என்ற ஆவணமாக எழுதினார்.

ரிப், 'டிஸ்டன்ஸ் வெக்டர்' வகையைச் சேர்ந்தது. இதில் எந்த ரூட்டரிடமும் முழு நெட்வொர்க்கின் வரைபடம் கிடையாது. எந்த இடம் எத்தனை ஹாப் (ரூட்டர் தாவல்) தூரம், அதற்கு எந்தப் பக்கத்து ரூட்டர் வழியாகப் போக வேண்டும் என்ற அட்டவணை மட்டுமே உண்டு. அதுவும் அக்கம்பக்கத்தார் சொல்லக் கேட்டதுதான். கேட்ட செய்தி பழசாகும் என்பதால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு வயது வைத்தாக வேண்டும்.

முதலாவது, அப்டேட் டைமர். ஒவ்வொரு ரூட்டரும் 30 வினாடிக்கு ஒருமுறை தன் அட்டவணையைப் பக்கத்து ரூட்டர்களுக்கு அனுப்புகிறது. எல்லா ரூட்டர்களும் ஒரே கணத்தில் அனுப்பத் தொடங்கினால் ஆபத்து. 1992-இல் பெர்க்லியிலிருந்து எம்.ஐ.டி.க்கு அனுப்பிய பிங் பாக்கெட்டுகள் 90 வினாடிக்கு ஒருமுறை கொத்தாகத் தொலைந்தன. அங்கே ஓடியது ரிப் அல்ல, 90 வினாடி இடைவெளி கொண்ட ஐ.ஜி.ஆர்.பி. என்ற வேறொரு ரூட்டிங் புரோட்டோகால். தனித்தனியாக ஓடவேண்டிய டைமர்கள் காலப்போக்கில் தாமாகவே ஒன்றுசேர்ந்துவிடும் என்பதை சாலி ஃப்ளாய்டும் வான் ஜேக்கப்சனும் விளக்கிக் காட்டினார்கள். ரிப்பின் இரண்டாம் பதிப்பு, ஒவ்வொரு முறையும் 30 வினாடியில் 5 வினாடி வரை தற்செயலாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்கிறது.

இரண்டாவது, டைம்அவுட் டைமர்: 180 வினாடி. ஒரு வழியைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் இது மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடத் தொடங்கும். ரிப் செய்திகள் யு.டி.பி.யில் போகின்றன. வழியில் தொலைந்தால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஓரிரு செய்தி தவறியதற்காக நல்ல வழியைக் கைவிடக் கூடாது என்பதால் ஆறு செய்திகளுக்கான அவகாசம் தரப்படுகிறது.

அவகாசம் முடிந்ததும் அந்த வழியை உடனே அழித்துவிடலாமே? இங்கேதான் மூன்றாவது டைமரின் அருமை தெரிகிறது. அ, ஆ, இ என மூன்று ரூட்டர்கள் வரிசையாக இருக்கின்றன, இ நின்றுபோகிறது. ஆ காத்திருக்கும் 180 வினாடியும் அது பழைய வழியை அ-வுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எனவே செத்த வழி அ-வின் அட்டவணையில் புத்தம்புதிதாகவே இருக்கும். ஆ சொல்லாமல் கொள்ளாமல் அதை நீக்கினால், அ தன் பங்குக்கு இன்னொரு 180 வினாடி காத்திருக்க வேண்டும். வரிசை நீள நீள, தாமதமும் நீளும்.

அதனால் ஆ அந்த வழியின் தூரத்தை 16 என்று மாற்றுகிறது. ரிப்பில் 15 ஹாப்தான் எல்லை. 16 என்றால் எட்டாத தூரம். அந்த வழியில் பாக்கெட்டுகளை அனுப்புவதில்லை, ஆனால் மூன்றாவதான 'கார்பேஜ் கலெக்‌ஷன்' டைமரின் 120 வினாடியும் 16 என்று அக்கம்பக்கத்துக்கு அறிவித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு அறிவிப்பு தொலைந்தாலும் அடுத்தது போய்ச் சேரும். பிறகே அட்டவணையிலிருந்து அழிக்கிறது. 'ட்ரிகர்டு அப்டேட்' வசதியால், தூரம் மாறியவுடன் அடுத்த 30 வினாடிக்குக் காத்திராமல் செய்தி கிளம்பிவிடும். வெள்ளமாகப் பெருகாதிருக்க, இரண்டு அவசரச் செய்திகளுக்கு நடுவே 1 முதல் 5 வினாடி இடைவெளி விடப்படும்.

சிஸ்கோ ரூட்டர்களில் 'ஹோல்ட்டவுன்' என்ற இன்னொரு டைமரும் உண்டு. போய்விட்டதென்று முடிவான வழியைப் பற்றி, அரைகுறைச் செய்தி வைத்திருக்கும் வேறொரு ரூட்டர் 'என்னிடம் வழி இருக்கிறது' என்று சொன்னால் அதை உடனே நம்பாமலிருக்க இது உதவுகிறது. அங்கே கடைசிச் செய்தி வந்ததிலிருந்து 240 வினாடியில் வழி அழிக்கப்படும்.

இந்த எண்களைக் குறைத்தால் பழுது விரைவில் தெரியவரும்; ஆனால் செய்திச் சுமை கூடும், தற்காலிகத் தடங்கலுக்கும் நல்ல வழிகள் கைவிடப்படும். மாற்றுவதென்றால் நெட்வொர்க்கின் எல்லா ரூட்டர்களிலும் ஒருசேர மாற்ற வேண்டும். ஒன்று 240 வினாடிக்கு ஒருமுறை பேச, மற்றொன்று 180 வினாடியில் நம்பிக்கை இழந்தால், உயிரோடிருக்கும் வழி மாறிமாறி வந்துபோகும்.

இன்றைய பெரிய நெட்வொர்க்குகள் ரிப்பைத் தாண்டி வந்துவிட்டன. ஆனால் ஓ.எஸ்.பி.எஃப். என்ற ரூட்டிங் புரோட்டோகால் ஈதர்நெட்டில் வழக்கமாக 10 வினாடிக்கு ஒரு ஹலோ அனுப்பி, 40 வினாடி மௌனத்தில் பக்கத்து ரூட்டர் இல்லையென்று முடிவு செய்வதும் இதே கணக்கில்தான். ரிப்பின் மூன்று டைமர்களை நன்றாகக் கற்ற மாணவருக்கு, எந்தப் புதிய புரோட்டோகாலிலும் முதலில் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்: எவ்வளவு மௌனம் பொறுக்கப்படும், முடிவான பின் அது மற்றவர்களுக்கு எப்படிச் சொல்லப்படும்.