மலிவாக வாங்கிய மாடு பட்டியையே அழிக்கலாம்: சல்மொனெல்லா நோயை அறிந்து கொள்வோம்

மாடு வளர்ப்போர், மாடு வாங்கி விற்போர், பால் சேகரிப்போர், இறைச்சிக் கடை நடத்துவோர் என எம்மில் பலரது முதலீடு கால்நடைகளிலேயே தங்கியுள்ளது. கால்வாய் நோய் என்றால் அனைவரும் உஷாராகி விடுகின்றனர். ஆனால் சத்தமின்றிப் பட்டிக்குள் நுழைந்து, கன்றுகளைக் கொன்று, பாலைக் குறைத்து, ஈற்றில் மனிதர்களையும் தாக்கக்கூடிய சல்மொனெல்லா பற்றிப் பலரும் அறிந்திருப்பதில்லை.

இது சிறு விடயமல்ல. 1953ஆம் ஆண்டு சுவீடனின் அல்வெஸ்டா நகரிலுள்ள மாடறுக்கும் நிலையமொன்றிலிருந்து வெளியான இறைச்சி மூலம் இக்கிருமி பரவி, ஏறத்தாழ 9,000 பேர் நோயுற்றனர். சுமார் 90 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே அந்நாடு இந்நோயைக் கட்டுப்படுத்தக் கடுமையான நடவடிக்கைகளில் இறங்கியது.

நோய் எப்படிப் பரவுகின்றது?

சல்மொனெல்லா என்பது குடலில் வாழும் ஒரு பக்றீரியா. இதில் 2,500இற்கும் அதிகமான வகைகள் உள்ளன. மாடுகளைப் பெரிதும் பாதிப்பவை 'டப்ளின்', 'டைஃபிமூரியம்' ஆகிய இரண்டுமாகும். நோயுற்ற மாட்டின் சாணத்துடன் கிருமி வெளியேறி தீவனம், தண்ணீர்த் தொட்டி, பால் வாளி, சப்பாத்து, லொறித் தட்டு என எல்லா இடங்களிலும் ஒட்டிக் கொள்கின்றது. ஈரமான சாணத்திலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கும். எலிகளும் பறவைகளும் கூட இதனைக் காவிச் செல்லும்.

டப்ளின் வகையில் இன்னுமோர் ஆபத்து உண்டு. நோயிலிருந்து தப்பிய மாடு பார்வைக்கு நல்ல சுகமாக இருக்கும். நன்றாகத் தீன் தின்னும். ஆனால் ஆண்டுக்கணக்கில் கிருமியைச் சுமந்திருந்து இடையிடையே வெளியேற்றும். இதனையே நோய்க்காவி என்கிறோம். நீண்ட பயணம், பட்டினி, கன்று ஈனுதல் போன்ற களைப்பான நேரங்களில் கிருமி அதிகமாக வெளியேறும். பெருநாள் காலங்களில் பல ஊர் மாடுகள் ஒரே லொறியில் ஏற்றப்பட்டு ஒரே பட்டியில் கட்டப்படும்போது நோய் பரவ இதைவிட வேறு வாய்ப்புத் தேவையில்லை.

அறிகுறிகள்

கன்றுகளே முதலில் பாதிக்கப்படும். குறிப்பாக இரண்டு முதல் ஆறு வார வயதுக் கன்றுகள். கடும் காய்ச்சல், துர்நாற்றத்துடன் சளியும் இரத்தமும் கலந்த வயிற்றோட்டம், கண்கள் குழி விழுதல், எழும்ப முடியாமை என்பன முக்கிய அறிகுறிகள். டப்ளின் வகையில் வயிற்றோட்டமே இல்லாமல் மூச்சுத் திணறலும் இருமலும் மட்டும் தோன்றலாம். இதனைச் சாதாரண சளியென எண்ணி ஏமாறுவோர் பலர். பெரிய பசுக்களில் காய்ச்சல், திடீரெனப் பால் குறைதல், வயிற்றோட்டம், கருச்சிதைவு என்பன ஏற்படும்.

நஷ்டத்தை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். பத்துப் பசுக்கள் வைத்திருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு பசுவும் நாளொன்றுக்கு 4 லீற்றர் வீதம் பத்து நாட்களுக்குக் குறைத்துக் கறந்தால், 400 லீற்றர் பால் இல்லாமல் போகின்றது. இறந்த கன்றுகள், மருந்துச் செலவு, சிதைந்த கரு என்பவற்றை இதன் மேல் கூட்டிப் பாருங்கள். சந்தையில் மலிவாக வாங்கியதால் மிச்சம் பிடித்த காசு எம்மாத்திரம்?

நோயை உறுதி செய்வது எப்படி?

வயிற்றோட்டத்துக்குப் பல காரணங்கள் உள்ளதால் கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடியாது. சாணம், இறந்த கன்றின் உறுப்புகள், சிதைந்த கரு ஆகியவற்றின் மாதிரிகளை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்க வேண்டும். எனவே அண்மையிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். கன்று இறந்தால் அவசரமாகப் புதைத்து விடாமல் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு தடவை சாணப் பரிசோதனையில் கிருமி காணப்படாவிட்டால் மாடு சுத்தமானது என்று அர்த்தமல்ல. கிருமி தொடர்ச்சியாக வெளியேறாததால் மீண்டும் மீண்டும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

கட்டுப்படுத்தும் வழிகள்

புதிதாக வாங்கிய மாட்டை மூன்று, நான்கு வாரங்களுக்குத் தனியே கட்டி வைத்துக் கவனியுங்கள். நோயுற்றதை உடனே பிரித்து விடுங்கள். முதலில் சுகமான மாடுகளையும் கன்றுகளையும் கவனித்த பின்னரே நோயுற்றவற்றிடம் செல்ல வேண்டும். அதற்கென வேறு வாளியும் வேறு சப்பாத்தும் இருக்கட்டும். சாணத்தை முற்றாகக் கழுவியகற்றிய பின்னரே தொற்று நீக்கி தெளிக்க வேண்டும். சாணத்தின் மேல் தெளித்த மருந்து பயன் தராது. தீவனத்தை எலி அணுகாத இடத்தில் வையுங்கள். பிறந்த கன்றுக்கு ஆறு மணித்தியாலத்துக்குள் கடும்புப் பாலைப் போதியளவு ஊட்டுங்கள். நோயெதிர்ப்புச் சக்தி அதிலிருந்தே கிடைக்கின்றது.

சிகிச்சையில் முதலிடம் இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்வதற்கே. அன்டிபயோட்டிக் மருந்துகளை வைத்தியரின் ஆலோசனையின்றிக் கொடுக்க வேண்டாம். 1990களில் பல நாடுகளில் பரவிய டைஃபிமூரியத்தின் ஒரு வகைக்கு ஐந்து விதமான அன்டிபயோட்டிக் மருந்துகள் பலனளிக்கவில்லை. மருந்து கொடுத்த மாட்டின் பாலையும் இறைச்சியையும் வைத்தியர் கூறும் காலம் வரை விற்கக் கூடாது.

மனிதருக்கான பாதுகாப்பு இலகுவானது. பாலை 72 பாகை செல்சியஸில் 15 விநாடிகள் சூடாக்கினாலே இக்கிருமி அழிந்து விடும். வீட்டில் நன்கு கொதிக்க வைத்தால் போதும். இறைச்சியை நன்கு வேக வைக்க வேண்டும். மாட்டைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். சிறுவர்களும் முதியோரும் பச்சைப் பால் அருந்தக் கூடாது.

டென்மார்க் தரும் பாடம்

டென்மார்க் 2002ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பாற்பண்ணையின் பாலையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதித்து, டப்ளின் வகை தொடர்பாகப் பண்ணைகளைத் தரம் பிரித்தது. ஆரம்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இருந்த பாதிக்கப்பட்ட பண்ணைகள் பின்னர் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே குறைந்தன. ஆயினும் 2014ஆம் ஆண்டுக்குள் முற்றாக ஒழிக்கும் இலக்கு நிறைவேறவில்லை. பண்ணைக்குப் பண்ணை மாடுகள் கைமாறும் வரை நோயும் கூடவே பயணிக்கும் என்பதே காரணங்களில் ஒன்று.

எனவே வியாபாரிகளே, வயிற்றோட்டம் கண்ட மாட்டை 'எப்படியாவது தள்ளி விடுவோம்' என்று சந்தைக்கு ஏற்ற வேண்டாம். இன்று நீங்கள் இன்னொருவர் தலையில் கட்டும் நோய், நாளை வேறொரு மாட்டுடன் உங்கள் பட்டிக்கே திரும்பி வரலாம். வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னர், அந்தப் பட்டியில் அண்மையில் கன்றுகள் இறந்தனவா, கரு சிதைந்ததா என்று கேளுங்கள். விற்கும்போது அதே கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். நம்பிக்கையான வியாபாரியிடமே வாடிக்கையாளர் மீண்டும் வருவார்.