எண் காட்டும் சைக்கிள் பாதைகள்

ஒரு பிரதேசத்தின் பெருந்தொழில் அழிந்துபோகுமாயின், அதனை நம்பியிருந்த கிராமங்கள் ஜீவனத்திற்கு வேறு வழி தேட வேண்டியவையாகின்றன. பெல்ஜியம் தேசத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள லிம்பர்க் மாகாணத்தார் அவ்விதம் தேடிக் கண்ட வழிகளுள் ஒன்று கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளத் தக்கது. அது யாதெனில், வயல்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் நடுவே முன்னரே கிடந்த சிறு பாதைகளை ஒன்றோடொன்று கோத்து, சைக்கிளில் செல்வோருக்கு உரிய ஒரு பெரும் வலையாக ஆக்கியதேயாம்.

லிம்பர்க்கில் ஆஸ் என்னும் கிராமத்தருகே 1901-ம் ஆண்டு நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பயனாய் ஏழு சுரங்கங்கள் எழுந்தன. மணற்பாங்கான ஏழை நிலத்தில் பயிரிட்டு வந்தவர்களின் பிள்ளைகள் கூலிக்குச் சுரங்கத்தில் இறங்கினர். பிற்காலத்தில் கரிக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்கவில்லை. 1966-ல் ஸ்வார்ட்பெர்க் சுரங்கத்தை மூட முற்பட்டபோது கலகம் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. எஞ்சியவை 1987 முதல் ஒவ்வொன்றாய் மூடப்பட்டு, 1992-ல் ஸோல்டர் சுரங்கத்தோடு எல்லாம் முடிவடைந்தன. வேலையிழந்த குடும்பங்கள் பல. மாகாணத்திடம் மிஞ்சியிருந்தவை காடும், புற்றரையும், கால்வாய்களும், கரி வண்டிகள் ஓடாத இரும்புப் பாதைகளுமே.

இவற்றோடு மற்றொரு சொத்தும் இருந்தது. சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்துக் கொடுப்பதற்காக அத்தேசத்தில் 1956-ம் ஆண்டு ஒரு சட்டம் செய்யப்பட்டது. அவ்வேலையுடன் கூடவே, வயல்களுக்கு வண்டியும் டிராக்டரும் செல்வதற்கு கான்கிரீட் பாதைகள் போடப்பட்டன. சிலவிடங்களில் இரு சக்கரங்கள் உருளுவதற்கு மட்டும் இரண்டு கான்கிரீட் பட்டைகள் அமைத்து நடுவில் புல்லை விட்டுவிட்டார்கள். அறுவடைக் காலம் நீங்கலாக இப்பாதைகளில் நடமாட்டம் குறைவு. மோட்டார்கள் விரையும் ரஸ்தாவில் அஞ்சி அஞ்சிச் செல்லும் சைக்கிள்காரருக்கு இவற்றைவிட நல்ல பாதை ஏது?

ஆனால் பாதை இருந்தால் மட்டும் போதாது. புதிதாய் வருபவன் வழி தவறாமல் போய்த் திரும்ப வேண்டும். முன்னர் இதற்காக வட்டப் பாதைகளைக் குறித்து வைப்பது வழக்கம். ஒரு வட்டம் நாற்பது கிலோமீட்டர் என்றால் அதில் புகுந்தவன் நாற்பதையும் மிதித்தே தீரவேண்டும். பாதியில் குழந்தை அழுதாலும், மழை வந்தாலும், குறுக்கே திரும்பும் வழி அவனுக்குத் தெரியாது. இக்குறையைப் போக்கியவர் ஹியூகோ போலன் என்னும் சுரங்க இன்ஜினீயர். பூமிக்கடியில் எப்பக்கம் திரும்பினும் ஒரேவிதமாய்த் தோன்றும் சுரங்க வழிகளில், கிளை பிரியும் இடங்களுக்கு எண் இட்டு அடையாளம் கண்டுகொண்ட முறையை அவர் பூமியின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்தார். 1995-ல் இம்முறை லிம்பர்க்கில் அமலுக்கு வந்தது.

முறை மிக எளியது. இரண்டு மூன்று பாதைகள் கூடும் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் எண் உண்டு. அங்குள்ள பலகையில் சுற்றுப்புறப் படமும், அதில் பக்கத்துச் சந்திகளின் எண்களும், இடைத் தூரமும் காணப்படும். புறப்படுமுன் படத்தைப் பார்த்து, உதாரணமாக 12, 47, 50, 33, மறுபடி 12 என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் அன்றைய பிரயாணத் திட்டம் முடிந்தது. வழியிலுள்ள கைகாட்டிகள் அடுத்த எண்ணுக்குத் திசை காட்டும். களைத்தவர் 50-க்குப் போகாமல் 47-லிருந்து நேரே 33-க்குத் திரும்பிவிடலாம். ஊர்ப் பெயர்களை உச்சரிக்கத் தெரியாத அந்நிய தேசத்தாருக்கும் எண் விளங்கும். ஒரே எண் தூரத்தில் வேறிடத்திலும் வரக்கூடும். அண்டையில் ஒரே எண் இரு முறை வாராமல் பார்த்துக்கொண்டால் குழப்பமில்லை. பின்னர் இம்முறை பிளாண்டர்ஸ் முழுவதிலும் ஹாலந்திலும் பரவி, ஜெர்மனியின் சில பகுதிகளையும் எட்டியது.

லிம்பர்க்கின் பாதைகள் எல்லாம் ஒரே தன்மையுடையவையல்ல. தெற்கே ஹாஸ்பெங்கவ் பகுதி வளமான மண். ஆப்பிள், பேரி, செர்ரித் தோட்டங்கள் நிறைந்தது. ஏப்ரல் மாதத்தில் மரங்கள் பூக்கும்போது அங்கு சைக்கிள் கூட்டம் மிகுதி. பழம் ஏற்றிச் சென்ற பழைய இரும்புப் பாதையின் தடமும் அங்கு சைக்கிள் வழியாகிவிட்டது. நடுவே ஆல்பர்ட் கால்வாயின் கரைப் பாதைகள் மேடு பள்ளமின்றி நீண்டு செல்வதால் முதியோரும் களைப்பின்றிச் செல்லலாம். கிழக்கே மாஸ் நதியில், சைக்கிளோடு ஆட்களை அக்கரையிலுள்ள ஹாலந்துக்குக் கொண்டுவிடும் சிறு ஓடங்கள் உண்டு. இவையன்றி, ஜனங்களைக் கவர்வதற்காகவே 2016-ல் போக்ரைக் என்னுமிடத்தில் ஒரு குளத்தின் நடுவே 212 மீட்டர் நீளமுள்ள பாதை தாழ்வாக அமைக்கப்பட்டது. இருபுறமும் தண்ணீர் செல்வோரின் கண்மட்டத்திற்கு நிற்கும். ஹெக்டெல்-எக்ஸெலில் 2019-ல் பைன் மரங்களிடையே பத்து மீட்டர் உயரம் வரை ஏறும் வளையப் பாதையும் திறக்கப்பட்டது. இவை வேடிக்கைக்குரியவை, விளம்பரத்திற்கு உதவுகின்றன. ஆயினும் மாகாணத்தின் உண்மையான முதல், விலையின்றிக் கிடைத்த வயற்பாதைகளே.

கிராமத்திற்கு வரும்படி எவ்வாறு என்பதை ஆலோசிக்கலாம். மோட்டாரில் வருபவன் ஊரைக் கடந்து போய்விடுகிறான். சைக்கிளில் வருபவனுக்கோ பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கொருமுறை தாகமும் பசியும் உண்டாகின்றன. அவனால் பெரிய மூட்டை சுமக்கவும் இயலாது. ஆகவே சந்திக்கருகிலுள்ள காப்பிக்கடைக்கும், வாயிலில் பழம் விற்கும் தோட்டக்காரருக்கும், ஓர் அறையை இரவு தங்க விடும் குடியானவருக்கும், சைக்கிளை வாடகைக்குக் கொடுப்பவருக்கும், ரிப்பேர் செய்பவருக்கும் சிறு சிறு தொகைகளாய்ப் பணம் வந்து சேருகிறது. சுரங்கக் கூலிக்கு இது முற்றும் ஈடாகுமென்று எண்ணலாகாது. பருவத்திற்கேற்ப ஏறி இறங்கும் வரும்படி இது. மழைக் குளிரில் கடைகள் வெறிச்சிட்டிருக்கும்.

இதில் பிணக்கும் இல்லாமலில்லை. இலையுதிர் காலத்தில் சர்க்கரைக்குரிய பீட் கிழங்கைத் தோண்டி ஏற்றும்போது டிராக்டர்ச் சக்கரங்கள் களிமண்ணைப் பாதையில் அப்பிவிடுகின்றன, சைக்கிள்கள் வழுக்குகின்றன. அகன்ற யந்திரம் எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை. பந்தயச் சைக்கிளில் கூட்டமாய் விரைவோர் தம்மை வழிமறித்ததாகக் குடியானவரைக் குறை கூறுவர். தன் வேலைக்கென்று போட்ட பாதையில் தானே அந்நியனாகிவிட்டதாகக் குடியானவன் முணுமுணுப்பான். குடியானவனுடைய முணுமுணுப்பிலேயே நியாயம் அதிகம்; விருந்தாளி வருமுன் வீட்டுக்காரனைக் கேட்பது முறையல்லவா? வேகத்தைக் குறைத்து, சிறிது நின்று, இரு தரத்தாரும் வழி விட்டுக் கொடுக்கும் இடங்களில் தகராறு அருகிவிடுகிறது.

கைகாட்டி ஒன்று காணாமற் போனால் எண்முறை முழுவதும் அவ்விடத்தில் அறுந்துவிடும். செடி வளர்ந்து மறைத்தாலும், காற்றில் திரும்பிக்கொண்டாலும் அதே கதிதான். இதற்காகத் தொண்டர்கள் தமக்கென ஏற்றுக்கொண்ட பாதைப் பகுதிகளில் அவ்வப்போது சைக்கிளில் சென்று, பலகைகளைச் சோதித்து, பழுதானவற்றை அறிவிக்கிறார்கள்.